சத்துணவுக்குப் பிறகு வரும் பீரியட்: அடி, திட்டு இல்லாமல் ஏழாம் வகுப்பை எப்படிப் பிடிப்பது?

அம்மாபேட்டை_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டைப் பக்கத்துல ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு, 41 பிள்ளைகள். காலையில பரவாயில்ல. சத்துணவு முடிஞ்சு வர்ற முதல் பீரியட்தான் கையில நிக்க மாட்டேங்குது. பாதிப் பேர் ஈரத்தட்டோட உள்ள வர்றாங்க, பாதிப் பேர் குழாய்கிட்டயே நிக்கிறாங்க. நோட்டை எடுத்துத் தேதி போடறதுக்குள்ள பத்துப் பன்னெண்டு நிமிஷம் ஓடிடுது. பக்கத்துச் சந்து முழுக்க விசைத்தறி. அந்தச் சத்தத்துக்கு மேல கத்த வேண்டியிருக்கு.

கேக்க நினைக்கிறது இதெல்லாம். பேசறவங்க பேரை லீடரை விட்டுப் போர்டுல எழுதச் சொல்ற வழக்கம் இருக்கில்ல, அது உதவுமா? எழுதினதும் அஞ்சு நிமிஷம் அமைதி, அப்புறம் பேருக்குப் பக்கத்துல பெருக்கல் குறி கூடிக்கிட்டே போகுது. நட்சத்திர சார்ட் முதல் ரெண்டு வாரம் நல்லா ஓடி அப்புறம் படுத்துடுது, ஏன்? சாக்லேட் வாங்கித் தந்து கட்டுப்படியாகல.

இன்னொண்ணு, மூணு பையன்கள். ஒருத்தன் யார் பதில் சொன்னாலும் வாயால ஒரு சத்தம் விடுவான், வகுப்பே சிரிக்கும். இன்னொருத்தன் இடத்துல உக்காரவே மாட்டான். மூணாமவன் போர்டைப் பார்த்து எழுதச் சொன்னா தலையைக் கவுத்துப் படுத்துக்குவான், எழுப்பினா பெஞ்சை உதைப்பான். வெளிய நில்லுன்னா சந்தோஷமா போயிடுவான்.

பெத்தவங்களைக் கூப்பிட்டா "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர்"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. குச்சி எடுக்கறதில்லைன்னு நான் உறுதியா இருக்கேன், அதனால அந்த யோசனை வேண்டாம். நாளைக்கு வகுப்புல என்ன செய்யலாம்னு சொல்லுங்க.

பயிற்றுநர்_சேலம்

வணக்கம் டீச்சர். நீங்கள் எழுதியதில் முதலில் கவனிக்க வேண்டியது மூன்று பையன்களை அல்ல, அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை. 41 பேருக்கும் அந்த நேரத்தில் செய்ய வேலை எதுவும் இல்லை. வேலை இல்லாத நேரத்தில்தான் சண்டை, கிண்டல், இடம் மாறுதல் எல்லாம் தொடங்கும். அதை நான்கு நிமிடமாகச் சுருக்கிவிட்டாலே மூன்று பையன்களில் ஒருவரோ இருவரோ தானாகக் குறையலாம்.

உள்ளே வருவதை ஒரு பாடமாகவே நடத்துங்கள். "ஒழுங்கா வாங்க" என்பது 12 வயதுப் பிள்ளைக்கு எந்தத் தகவலையும் தருவதில்லை. கை கழுவுவது, தட்டை எங்கே வைப்பது, எந்த வாசல் வழியாக வருவது, உட்கார்ந்ததும் எதை எடுப்பது என நான்கே அசைவுகளாக உடைத்துச் சொல்லுங்கள். தட்டுக்கென்று வாசலுக்கு வெளியே ஒரு கூடையோ மேசையோ இருக்கட்டும். ஈரத்தட்டு உள்ளே வரும் வரைக்கும் தரை நனையும், நோட்டு நனையும், அதற்கொரு சண்டை வரும். பிறகு ஒரு வரிசையை மட்டும் எழுப்பி, வெளியே போய் மறுபடி வரச் சொல்லுங்கள். மற்றவர்கள் பார்க்கட்டும். அடுத்து இரண்டு வரிசை, அடுத்து எல்லோரும். ஒரு நாளைக்கு 8 நிமிடம் வீதம் முதல் வாரம் முழுக்கப் பழக்குங்கள், இரண்டாம் வாரம் திங்களும் வியாழனும் மட்டும் போதும். நீண்ட விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் மறுபடியும் பழக்க வேண்டும். ஒரு தடவை சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று எண்ணுவதால்தான் பெரும்பாலான வகுப்புகளில் இது தேய்ந்துபோகிறது.

நீங்கள் வாசலில் நில்லுங்கள். மேசைக்குப் பின்னால் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி உள்ளே விடுங்கள், "வா கண்ணு" என்றால்கூடப் போதும். குழாயும் கண்ணில் படும், வகுப்பும் கண்ணில் படும். பிள்ளைகள் வருவதற்கு முன்பே போர்டில் வேலை இருக்க வேண்டும். ஐந்து சொல், இரண்டு கணக்கு, ஒரு படத்தைப் பார்த்து மூன்று வரி, இப்படி எதுவானாலும் சரி. ஆனால் வகுப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளையும் உதவி இல்லாமல் தொடங்கக்கூடியதாக இருக்க வேண்டும். கடினமான கணக்கைப் போட்டால் பாதிப் பேர் "மிஸ், புரியல" என்று எழுந்து நிற்பார்கள், எல்லாம் கெட்டது.

நோட்டு விநியோகத்தையும் பாருங்கள். 41 நோட்டை ஒரே லீடர் பெயர் வாசித்துக் கொடுத்தால் நான்கைந்து நிமிடம் போகும். ஒவ்வொரு வரிசைக்கும் தனிக்கட்டு, முதல் பெஞ்சிலிருந்து பின்னால் கடத்துவது என்று வைத்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

தறிச் சத்தத்தோடு போட்டி போடாதீர்கள். தொண்டை போவது மட்டுமல்ல, ஆசிரியர் குரல் உயர உயர வகுப்பின் குரலும் உயரும். கையைத் தூக்கி நில்லுங்கள். பார்த்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கை தூக்க வேண்டும் என்று பழக்குங்கள். முதலில் 20 நொடி ஆகும், பழகினால் 5 நொடி. முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: எல்லோரும் அடங்கும் முன்பு ஒரு வார்த்தைகூடப் பேசத் தொடங்காதீர்கள். பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே பாடத்தைத் தொடங்கினால், கை தூக்குவதற்கு அர்த்தமில்லை என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

போர்டில் பெயர் எழுதும் வழக்கத்தை நாளையே நிறுத்துங்கள். அந்தப் பட்டியல் யாருக்கு என்ன தருகிறது என்று பாருங்கள். பேசியவனுக்கு 41 பேர் பார்க்கும் இடத்தில் பெயர். லீடருக்கு வேண்டியவரை விட்டு வேண்டாதவரை எழுதும் அதிகாரம். அமைதியாக இருந்த முப்பது பேருக்கு ஒன்றுமில்லை. 1968இல் அமெரிக்காவில் பெக்கர் குழுவினர் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் இதையொட்டி ஆய்வுகள் செய்தார்கள். ஆசிரியர் "உட்காரு, உட்காரு" என்று சொல்லும் எண்ணிக்கையைக் கூட்டினால் எழுந்து நிற்கும் பிள்ளைகள் கூடினார்கள். உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பாராட்டியபோது குறைந்தார்கள். அதே ஆண்டில் மாட்சன், பெக்கர், தாமஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில், விதிகளை எழுதி ஒட்டுவது மட்டும் ஏறக்குறைய எந்த மாற்றமும் தரவில்லை. விதியோடு, சிறு தொந்தரவைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சரியாகச் செய்பவரைப் பாராட்டுவதும் சேர்ந்தபோதுதான் வகுப்பு மாறியது.

பாராட்டு என்றால் "வெரி குட்" அல்ல. என்ன செய்ததற்கு என்பது அதில் இருக்க வேண்டும். "மூணாவது வரிசை, தட்டை வெளிய வச்சிட்டு வந்து தேதி போட்டாச்சு. நல்லது." செயல் நடந்த சில நொடிகளுக்குள் சொல்லுங்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பையனைத் தனியாக எழுப்பிப் புகழ்ந்தால் கூச்சப்படுவான், நண்பர்கள் கேலியும் செய்வார்கள். வரிசையைச் சத்தமாகப் பாராட்டுங்கள், தனியாளை அவன் பெஞ்சருகில் குனிந்து தாழ்ந்த குரலில், அல்லது நோட்டு ஓரத்தில் ஒரு வரி எழுதி. எத்தனை முறை சொல்கிறோம் என்பது மறந்துபோகும். பத்துச் சாக்பீஸ் துண்டுகளை மேசையின் இடப்பக்கம் வைத்து, ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒன்றை வலப்பக்கம் நகர்த்துங்கள். பீரியட் முடிவில் எத்தனை நகர்ந்திருக்கிறது என்பதே உங்கள் கணக்கு. ஒரு கண்டிப்புக்கு நான்கு பாராட்டு என்று பயிற்சிகளில் சொல்வார்கள். அந்த எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம், கண்டிப்பைவிடப் பாராட்டு தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் சாரம்.

விதிகள் மூன்று போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம். கை தூக்கி, பெயர் சொன்ன பிறகு பேசுவோம். கையும் காலும் நம் இடத்தில் இருக்கும். மூன்றிலும் "கூடாது" இல்லை, மூன்றையும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியும். பன்னிரண்டு விதி எழுதிய சார்ட்டைப் பிள்ளைகளும் படிப்பதில்லை, எழுதிய ஆசிரியருக்கும் நினைவிருப்பதில்லை.

சேர்வராயன்_மலைப்பள்ளி

ஏற்காடு மலைக் கிராமங்கள்ல ஈராசிரியர் பள்ளிகள்தான் நிறைய. ஒரே அறையில மூணு வகுப்பு உக்காந்திருக்கும். அங்க குழு விளையாட்டு இல்லாம ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. நட்சத்திர சார்ட் ஏன் படுக்குதுன்னு டீச்சர் கேட்டதுக்கும் பதில் இதுலயே இருக்கு.

சார்ட்ல பரிசு வெள்ளிக்கிழமைதான் வரும், அது ரொம்பத் தூரம். புதன்கிழமையே யார் ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சிடும், மிச்சப்பேர் கையை விட்டுடுவாங்க. எப்பவும் அதே அஞ்சு பேர் பேருக்கு எதிர்ல நட்சத்திரம், கடைசிப் பேருக்கு எதிர்ல வெறும் கட்டம், அது சுவத்துல தொங்குற ரேங்க் அட்டைதான். இதுக்கு மேல கொடுத்த நட்சத்திரத்தைக் கோவத்துல அழிக்கிற பழக்கம் வேற. சம்பாதிச்சது எப்ப வேணும்னாலும் போகும்னா யாரும் சம்பாதிக்க மாட்டாங்க.

குழு விளையாட்டு புதுசில்ல. 1969ல அமெரிக்காவுல கான்சாஸ்ல பாரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப்னு மூணு பேர் ஒரு நாலாம் வகுப்புல செஞ்சு பார்த்து எழுதினாங்க. வகுப்பை ரெண்டு அணியாப் பிரிச்சு, கேக்காம எழுந்தாலோ பேசினாலோ அணிக்கு ஒரு கோடு. கோடு குறைவா இருந்த அணிக்குச் சலுகை. கோடு ஒரு அளவுக்குள்ள இருந்தா ரெண்டு அணியுமே ஜெயிக்கலாம். இந்தக் கடைசி விதிதான் உயிர். ஒரு அணி தோத்தே ஆகணும்னு வச்சா தோத்த அணி அடுத்த நாள் வேணும்னே கெடுக்கும்.

நம்ம வகுப்புக்குத் தப்பை எண்றதைவிடச் சரியை எண்றது மேல். இப்படிச் செய்யுங்க. அஞ்சு வரிசை, அஞ்சு அணி. பேரு நகரமலை, கஞ்சமலை, ஜருகுமலை, கோதுமலை, சேர்வராயன்னு வச்சுக்கலாம். போனை அதிர்வுல போட்டு, 40 நிமிஷத்துல அஞ்சு தடவை ஒரே சீரா இல்லாம அதிர்ற மாதிரி அலாரம் வைங்க. முதல்ல 4 நிமிஷத்துல, அடுத்தது 15ல, உடனே 18ல, இப்படி. அதிரும்போது தலை நிமிர்ந்து பாருங்க. எந்த அணியில எல்லாரும் வேலையில இருக்காங்களோ அதுக்கு ஒரு புள்ளி. அஞ்சுக்கு மூணு எடுத்த எல்லா அணியும் ஜெயிச்ச அணி. சீரான இடைவெளி வச்சா ரெண்டே நாள்ல பிள்ளைங்க கண்டுபிடிச்சு, அந்த ஒரு நிமிஷம் மட்டும் நல்லா இருப்பாங்க.

முதல் நாளே முழு பீரியடும் ஆட வேண்டாம். 10 நிமிஷம், வாரத்துக்கு மூணு தடவைன்னு தொடங்குங்க. அப்ப ரெண்டு தடவை அதிர்ந்தா போதும், ஒண்ணு கிடைச்சாலும் ஜெயிச்ச மாதிரி. எல்லா அணியும் ஜெயிக்கத் தொடங்கினதும் 20, அப்புறம் 40. பரிசு அன்னிக்கே, அந்த பீரியட் முடியறதுக்குள்ள. பைசா செலவில்லாம ஆயிரம் இருக்கு: கடைசி ரெண்டு நிமிஷம் விடுகதை, நாளைக்கு எந்தப் பாட்டுன்னு தேர்ந்தெடுக்கிற உரிமை, டீச்சர் நாற்காலியில உக்காந்து வினாடி வினா நடத்தறது, மரத்தடியில உக்காந்து வாசிக்கிறது. ரெண்டு விஷயத்தை மட்டும் பரிசாவோ தண்டனையாவோ தொடாதீங்க. ஒண்ணு சாப்பாடு, முட்டையும் சேர்த்துத்தான். இன்னொண்ணு விளையாட்டு பீரியட். ஓடியாடாத உடம்பு அடுத்த பீரியட்ல இன்னும் அதிகமா துறுதுறுக்கும்.

அணி பிரிக்கும்போது கவனம். ஊர் வாரியா, தெரு வாரியா பிரிஞ்சுடக் கூடாது. அது நம்ம பக்கத்துல சாதி வாரியா பிரிக்கிறதுதான். அதே மாதிரி பையன்கள் எதிர் பெண்கள்னும் வேண்டாம். மூணு வாரத்துக்கு ஒரு தடவை இடம் மாத்துங்க.

எங்க பக்கம் கூடுதலா ஒண்ணு. நவம்பர்ல இருந்து காப்பி பறிப்பு. பெத்தவங்க விடியக்காலையே எஸ்டேட்டுக்குப் போயிடுவாங்க, பெரிய பிள்ளைங்க தம்பி தங்கச்சியைப் பார்த்துக்க வீட்ல நின்னுடும். பத்து நாள் கழிச்சு வர்ற பிள்ளையை வாசல்லயே "எங்க போன?"ன்னு எல்லார் எதிர்லயும் கேட்டா அது வாயை மூடிக்கும், இல்லன்னா தொந்தரவு பண்ணும். பாடம் புரியாத வெக்கத்தை மறைக்க அதுக்குத் தெரிஞ்ச வழி அதுதான். பேர் சொல்லி உள்ள கூப்பிட்டு, தோழன் ஒருத்தன் பக்கத்துல உக்கார வச்சு, கண்டிப்பா முடிக்கக்கூடிய ஒரு வேலை கொடுங்க. ஏன் வரலைங்கிற விசாரணையை இன்டர்வல்ல தனியா வச்சுக்கலாம். பனிமூட்டத்துல நடந்து தாமதமா வர்ற பிள்ளைக்கும் இதேதான். சத்தமில்லாம வந்து உக்காந்து போர்டைப் பார்க்கணும், அவ்வளவுதான் விதி. அப்புறம், பனி நாள்ல கரண்டும் இல்லாட்டி அறை மங்கலா இருக்கும், தூக்கின கை தெரியாது. அங்க கைத்தட்டு தாளம்தான் சரி. தறிச் சந்துல கை, மலையில தாளம். ரெண்டுல எது உங்க அறைக்கு ஒத்துவருதோ அதை மட்டும் வச்சுக்கங்க.

அம்மாபேட்டை_டீச்சர்

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அலாரம் யோசனை உடனே செய்யலாம் போலிருக்கு. ஆனா சத்தம் விடற பையன் வேணும்னே தன் அணியைத் தோக்க வச்சா? மத்த ஏழு பேரும் இன்டர்வல்ல அவனை மொத்திடுவாங்க. அதோட, படுத்துக்கிறவனைப் பத்தி யாராவது சொல்லுங்க.

சிறப்புப்பயிற்றுநர்_ஓமலூர்

மேடம், மூணு பேரும் வெளியிலிருந்து பார்த்தால் "தொந்தரவு". உள்ளே மூன்றும் வெவ்வேறு. ஒரே மருந்து கொடுத்தால் ஒருவனுக்கு வேலை செய்யும், இன்னொருவனுக்கு நோய் கூடும்.

முதலில் ஐந்து பள்ளி நாள் குறிப்பு எடுங்கள். அரைத்தாளில் மூன்று கட்டம். சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே பிறகு என்ன கிடைத்தது. ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி, நேரத்தோடு. "அடங்காதவன்", "திமிர்" போன்ற சொற்கள் இருக்கக் கூடாது. "2.10, போர்டைப் பார்த்து எழுதச் சொன்னேன், தலை கவிழ்ந்தான், எழுப்பினேன், பெஞ்சை உதைத்தான், வெளியே அனுப்பினேன்." இப்படி நான்கைந்து வரி சேர்ந்ததும் கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். அவனுக்கு எது கிடைக்கிறதோ அதற்காகத்தான் அதைச் செய்கிறான்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் படுத்துக்கொள்பவனுக்குக் கிடைப்பது விடுதலை. எழுதும் வேலையிலிருந்து தப்பிக்கிறான். வெளியே நிற்க வைப்பது உங்களுக்குத் தண்டனை, அவனுக்குப் பரிசு. அதனால்தான் சந்தோஷமாகப் போகிறான். முதலில் கண். போர்டைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறானா, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறானா என்று கவனியுங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அவன் பெயரைத் தனியாகச் சொல்லி வையுங்கள், அதுவரை இரண்டாம் பெஞ்சில் உட்கார வையுங்கள். அடுத்து வாசிப்பு. யாரும் இல்லாத நேரத்தில் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டித் தடுமாறினால் ஏழாம் வகுப்புப் பத்தியை அவன் எழுதுவதே இல்லை, ஒவ்வோர் எழுத்தாக வரைந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு அரைப் பக்கம் பெரிய பாரம். மூன்றாவது தூக்கம். தறி, கொலுசுப் பட்டறை என்று வீட்டு வேலை இரவில் நீளும் தெருக்களில் பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

காரணம் எதுவானாலும் வகுப்பில் செய்ய வேண்டியது இரண்டு. வேலையைக் குறையுங்கள்: பத்து வரிக்குப் பதில் நான்கு வரி, போர்டுக்குப் பதில் அவன் மேசையிலேயே ஒரு தாள். பிறகு, தப்பிக்க நேர்மையான வழி ஒன்றைக் கொடுங்கள். தீப்பெட்டி அளவு அட்டை இரண்டு. ஒன்றை மேசை ஓரத்தில் வைத்தால் இரண்டு நிமிடம் வெளியே போய்த் தண்ணீர் குடித்து வரலாம். ஒரு பீரியடுக்கு இரண்டு முறை, திரும்பி வந்ததும் அதே வேலை தொடரும். அட்டையை வைத்த உடனே அனுமதி கிடைக்க வேண்டும். "இரு, இதை முடிச்சிட்டுப் போ" என்றால் அட்டை செத்துப்போகும், உதை திரும்ப வரும். அவன் நான்கு வரியைத் தொடர்ந்து முடிக்கத் தொடங்கியதும் ஐந்து, ஆறு என்று ஏற்றுங்கள், அட்டையை ஒன்றாகக் குறையுங்கள்.

சத்தம் விடுபவனுக்குக் கிடைப்பது சிரிப்பு. அதைக் கொடுப்பது நீங்கள் அல்ல, வகுப்பு. அதனால் நீங்கள் மட்டும் கண்டுகொள்ளாமல் விடுவதால் பயனில்லை. சிரிக்காமல் வேலையைத் தொடரும் வரிசைக்கு அந்த நொடியிலேயே பாராட்டு போக வேண்டும், அலாரம் அடிக்காவிட்டாலும் ஒரு புள்ளி கொடுக்கலாம். அவனுக்கு நாற்பது பேர் பார்வை தேவை என்றால் நல்ல வழியில் கொடுங்கள்: பீரியட் தொடக்கத்திலேயே நேற்றைய பாடத்திலிருந்து மூன்று கேள்வி கேட்கும் வேலை அவனுடையது. ஆனால் சத்தம் விட்ட உடனே அவனுக்குப் பொறுப்பு கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் சத்தம்தான் அதற்கு நுழைவுச் சீட்டு என்று புரிந்துகொள்வான்.

அணியைக் கெடுத்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். மேலே சொன்ன 1969 ஆய்விலேயே இது வந்தது. ஆட மாட்டேன் என்று நின்ற பிள்ளைகளை அணியிலிருந்து விலக்கித் தனியாகக் கணக்கு வைத்தார்கள். நீங்களும் தனியாக அழைத்து, முகம் சுளிக்காமல் சொல்லுங்கள்: "ரெண்டு நாள் நீ தனி அணி. புள்ளி உனக்கும் உண்டு, பரிசும் உண்டு. மூணாவது நாள் சேரணும்னா சொல்லு." அணியில் எட்டுப் பேரில் ஏழு பேர் வேலையில் இருந்தாலே புள்ளி என்று விதியைச் சற்றுத் தளர்த்தினால் ஒருவனால் எல்லோரும் தோற்கும் நிலையும் வராது, இன்டர்வலில் அவன் மீது கையும் விழாது.

எச்சரிக்கை: சிரிப்பு நின்றதும் முதல் சில நாள் அவன் சத்தத்தைக் கூட்டுவான். அதுவரை கிடைத்தது கிடைக்காதபோது எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நான்காம் நாள் பொறுக்காமல் கத்திவிட்டால், "இவ்வளவு தூரம் போனால் கிடைக்கும்" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாகும். ஒரு வாரம் தாக்குப்பிடிக்கத் தயாராக இருந்தால் மட்டும் தொடங்குங்கள். அடிதடி, பொருளை எறிவது போன்றவற்றை மட்டும் ஒருபோதும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. அங்கே உடனே நிறுத்துங்கள், குறைந்த சொற்களில்.

இடத்தில் இல்லாதவனுக்குத் தின அட்டை பொருந்தும். இரண்டே இலக்கு: இடத்தில் இருந்தான், வேலையைத் தொடங்கினான். நான்கு பீரியட், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 16. முழு இலக்கு 80 விழுக்காடு, அதாவது 13. ஆனால் இப்போது 6 எடுப்பவனுக்கு 13 வைத்தால் முதல் நாளே கிழித்துப் போடுவான். 8இல் தொடங்கி, மூன்று நாள் தொடர்ந்து எட்டியதும் ஒன்று கூட்டுங்கள். காலையில் பிரேயருக்கு முன் ஒரு நிமிடம் அட்டையைக் கொடுத்து இலக்கைச் சொல்ல வேண்டும், மாலையில் இரண்டு நிமிடம் கூட்டிப் பார்க்க வேண்டும். இந்த மூன்று நிமிடத்தைத் தினமும் ஒருவரே கொடுக்க வேண்டும், அதுதான் மருந்து. நோட்டு வாங்கி வருவது, போர்டைத் துடைப்பது என்று எழுந்து நடக்கும் வேலையையும் அவனுக்கே கொடுங்கள். அட்டையை வீட்டுக்கு அனுப்பும் முன் யோசியுங்கள். குறைந்த எண்ணைப் பார்த்து அடிக்கும் வீடு என்றால் அட்டை பள்ளியிலேயே இருக்கட்டும், எட்டிய நாளில் மட்டும் ஒரு நல்ல சீட்டு போகட்டும்.

திடீர் மாற்றம், உடலில் காயம், யாரோடும் பேசாமல் ஒடுங்குவது போன்றவை இருந்தால் இதெல்லாம் போதாது. தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், 1098 (சிறார் உதவி எண்) அல்லது 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) எண்ணுக்கு அழையுங்கள்.

ஆத்தூர்_கணக்கு

மேல்நிலைப் பள்ளிப் பக்கத்திலிருந்து ஓர் ஐயம். எல்லாவற்றுக்கும் புள்ளி, பரிசு என்று போனால் பரிசு இல்லாத நாள் பிள்ளை பேனாவைத் தொட மாட்டான். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் காட்டியது இதைத்தான். வரைவதற்குச் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மலைப் பெயர் அணி எல்லாம் சின்னப்பிள்ளைத்தனமாகவும் படும். அவர்களுக்கு மரியாதைதான் வேண்டும், புள்ளி அல்ல.

பயிற்றுநர்_சேலம்

சார், அந்த ஆய்வைச் சரியாகவே சொன்னீர்கள். அதே ஆய்வில் மறுபாதியும் உண்டு. எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளிடம் அந்த வீழ்ச்சி வரவில்லை. அந்தப் பிள்ளைகள் முதலிலேயே வரைவதில் ஆசையுள்ளவர்கள் என்பதும் முக்கியம். தட்டை வெளியே வைத்துவிட்டு வந்து தேதி போடுவதில் யாருக்கும் உள்ளூற ஆசை கிடையாது, அங்கே கெடுக்க ஒன்றுமில்லை. கதை வாசிப்பு, ஓவியம், அறிவியல் சோதனை போன்று பிள்ளைகள் தாமாக விரும்புவதற்குப் புள்ளி வைக்கக் கூடாது என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். வாய்ச்சொல் பாராட்டையும் பொருள் பரிசையும் பிற்கால ஆய்வுத் தொகுப்புகள் ஒரே தட்டில் வைக்கவில்லை.

குறைத்துக்கொண்டே போவதும் திட்டத்தில் இருக்க வேண்டும். நடைமுறை பழகிய பிறகு விளையாட்டைத் தினமும் அல்லாமல் வாரம் மூன்று நாள், பிறகு எந்த நாள் என்று சொல்லாமல் வாரம் ஒரு நாள். பாராட்டு மட்டும் நிற்கக் கூடாது.

பெரிய வகுப்புக்கு மரியாதைதான் என்பது சரி. விதிகளை அவர்களையே எழுத வையுங்கள். கண்டிப்பை எல்லோர் முன்னும் செய்யாதீர்கள், அருகில் போய் இரண்டு வாக்கியம், பிறகு விலகி நடந்துவிடுங்கள். நின்று முறைத்துக்கொண்டிருந்தால் நண்பர்கள் முன்னால் பணிய அவனால் முடியாது, நேரம் கொடுத்தால் பணிவான். கேள்வி கேட்டபின் மூன்று நொடியாவது காத்திருங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கவனித்ததில் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாதவர்கள் குறைந்தார்கள். கையை மடித்து உட்கார்ந்திருக்கும் கடைசி பெஞ்சுக்கு அந்த இரண்டு நொடி பெரிய கதவு.

டீச்சர், பெற்றோர் விஷயம் விட்டுப்போனது. கூப்பிடுவது என்றாலே புகார் என்றிருக்கும்வரை "தோலை உரிச்சிருங்க" தவிர அவர்களுக்குச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. முதல் அழைப்பு நல்ல செய்தியாக இருக்கட்டும்: "இன்னிக்கு உங்க பையன் வகுப்புல மூணு கேள்வி கேட்டு நடத்தினான், சொல்லணும்னு தோணுச்சு." அரை நிமிடம், அவ்வளவுதான். நாளைக்கு இரண்டு வீடு என்று வைத்தால் 41 வீட்டையும் ஒரு மாதத்தில் முடிக்கலாம். பிறகு பிரச்சினைக்காகக் கூப்பிடும்போது கேட்கும் காது இருக்கும். அடியுங்கள் என்றால் மழுப்பாமல் சொல்லுங்கள்: அடிக்கவும் மாட்டோம், மனம் நோகப் பேசவும் மாட்டோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு இரண்டையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பதும் வெயிலில் நிற்க வைப்பதும் அதில் அடங்கும். உடனே, அவர்களால் முடிந்த ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். இரவு பத்து மணிக்குள் படுக்க வைப்பது, அல்லது நல்ல சீட்டு வந்த நாளில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்வது.

அம்மாபேட்டை_டீச்சர்

கடைசியா ஒண்ணு. நான் வராத நாள், வேற டீச்சர் அந்த பீரியட் பார்த்தா எல்லாம் கலைஞ்சிடுமே?

சேர்வராயன்_மலைப்பள்ளி

கலையும்ங்க. அதுக்கு மேசை டிராயர்ல ஒரு அரைப்பக்கத் தாள் வைங்க. தட்டு எங்க, கை தூக்கினா என்ன அர்த்தம், அணி எது எது, யாருக்கு அட்டை, ஜெயிச்சா என்ன சலுகை. அலாரம் உங்க போனோட போயிடுமே, அதனால வர்ற டீச்சரை 10, 25, 35வது நிமிஷத்துல மட்டும் நிமிர்ந்து பார்க்கச் சொல்லி எழுதி, மூணுக்கு ரெண்டு வந்தா போதும்னு வைங்க. தாளை வாசிச்சுச் சொல்ற வேலையை லீடர்கிட்ட கொடுக்காம வாரத்துக்கு ஒருத்தர்னு மாத்துங்க. அடுத்த நாள் நீங்க வந்ததும் அந்த டீச்சர் எழுதி வச்ச புள்ளியைப் போர்டுல சேர்த்துடுங்க. முதல் தடவை குறைவாத்தான் இருக்கும், அதுக்காக எதையும் பறிக்காதீங்க.